கொல்லையில் கிடந்த கொடி

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "இது என்ன திங்கும்?" யாராவது புதிதாக ஆட்டுக்குட்டி வாங்கி வந்தாலும் அதுதான் கேள்வி, பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியார் வந்திருக்கிறார் என்றாலும் அதுதான் கேள்வி. மகனுக்குப் பெண் பார்க்கச் சோழபுரம் போயிருந்தபோது எல்லாரும் பெண்ணின் படிப்பை விசாரித்துக்கொண்டிருக்க, இவர் பெண்ணின் தாயாரைப் பார்த்து, "பிள்ள என்ன திங்கும்?" என்று கேட்டிருக்கிறார். மாட்டுச் சந்தைக்கா வந்திருக்கிறீர்கள் என்று அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, சம்பந்தம் அங்கேயே முறிந்தது. கேட்டதில் என்ன தப்பு என்று இவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. திங்கிறது தெரியாமல் ஒருத்தியை எப்படி வீட்டுக்குக் கூட்டி வருவது என்று என்னிடம் வந்து நியாயம் கேட்டார்.

ராஜபாளையத்தில் அவருடைய காம்பவுண்டில் நாங்கள் குடியேறியது கல்யாணமான புதிதில். என் கணவருக்கு நூல் மில்லில் ஷிப்டு வேலை. நான் சுந்தரபாண்டியத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். வந்த முதல் வாரமே வீடுகளுக்குப் பின்னால் இருந்த கொல்லையைப் பார்த்துவிட்டு, இதை வெட்டிச் சுத்தம் பண்ணக் கூடாதா, பாம்பு பல்லி வராதா என்று கேட்டுவிட்டேன். ஆள் உயரத்துக்கு எருக்கு, அதன் பக்கத்தில் ஆமணக்கு, மூலையில் நாரத்தை, சுவர் ஓரமாக அரளி, நடுவில் ஒரு முருங்கை. கீழே கரிசல் மண்ணில் சாம்பல் பூத்த இலையோடு ஒரு கொடி தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. ஆடுதின்னாப்பாளை. கசப்பென்றால் அப்படியொரு கசப்பு, பெயருக்கேற்ப ஆடுகூட வாய் வைக்காது. வீட்டுக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாம்பு வந்தா நான் பாத்துக்கிடுதேன். நீ உன் அடுப்பப் பாரு" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் கொல்லையில் என்னென்னவோ பட்டாம்பூச்சிகள் பறந்தன. ஒன்றுக்கும் அவருக்குப் பெயர் தெரியாது. எதைத் தின்று வளர்கிறதோ அதுதான் பெயர். மஞ்சளும் கறுப்புமாக ஆடி ஆடிப் பறப்பது எருக்குக்காரி. நாரத்தை இலையில் காக்கை எச்சம்போல ஒட்டியிருந்து, பிறகு பச்சைப் புழுவாகிப் பறப்பது நாரத்தைக்காரி. அரளி இலைக்கு அடியில் வெள்ளிக் குண்டுமணி கட்டித் தொங்கவிட்டதுபோல் கூடு இருக்கும், உடைந்தால் கறுப்பாக ஒன்று வரும், அது அரளிக்காரி. இறக்கை கறுப்பு, உடம்பு ரத்தச் சிவப்பு, பின்னிறக்கையில் குங்குமம் தெறித்த மாதிரிப் புள்ளி, கீழே இரண்டு வால், இப்படி ஒன்று ஐப்பசி மழைக்குப் பிறகு வரும். அதுதான் பாளைக்காரி. அதன்மேல் அவருக்குத் தனிப் பிரியம். எனக்கும் அவர் வைத்த பெயர் கருவாட்டுக்காரி. நான் சமைக்கும் நாளில் தெருவே மணக்குமாம்.

எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டாம்பூச்சி எல்லாம் பெண், விட்டில் எல்லாம் அதன் புருஷன்மார் என்று சத்தியம் பண்ணுவார். விளக்கு வெளிச்சத்தைக் கண்டால் போய் விழுந்து, விடிந்ததும் சுவரில் கிறங்கிக் கிடக்கிறதே, ஆம்பிளை இல்லாமல் வேறென்ன என்பார். அதைச் சொல்லும்போது என் கணவரை ஒரு பார்வை பார்ப்பார். சம்பள நாளில் அவர் எங்கே போய்விட்டு வருவார் என்பது காம்பவுண்டுக்கே தெரியும்.

ஆனால் அழகு என்று யாராவது சொன்னால் போச்சு, அவருக்குப் பொத்துக்கொண்டு வரும். கோடி வீட்டு டெய்லரின் மனைவி ஒருநாள் பாளைக்காரியைப் பார்த்துவிட்டு, எம்புட்டு அழகு, சேலைக்குப் போடலாம் போல இருக்கு என்றாள். பாவம், அவள் வேறொன்றும் சொல்லவில்லை. "அழகுன்னுட்டுப் போயிருவ. நாளைக்கே கறிவேப்பிலைல புழுன்னு மருந்து கேட்டு வந்து நிப்ப" என்று வெடுக்கென்று திருப்பிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அவரிடம் எனக்குப் பிரியமும் உண்டு, பயமும் உண்டு. பயம் வந்தது அந்த முருங்கையால். ஒரு கார்த்திகையில் மரத்தடி முழுக்கக் கம்பளிப்பூச்சி. பட்டை தெரியாமல் அப்பிக் கிடந்தது. அங்கிருந்து இறங்கிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, காயப்போட்ட துணி என்று எங்கும் ஊர ஆரம்பித்தது. என் மகளுக்கு அப்போது தவழும் வயது. ஒரு காலையில் அவள் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, மூச்சு விடாமல் அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மரத்தையே வேரோடு பிடுங்கியிருப்பேன். டெய்லர் நீளக் கம்பு நுனியில் பழந்துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் முக்கிப் பந்தம் கட்டினார். எங்கள் ஊரில் முருங்கை இருக்கிற வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். பந்தத்தைக் காட்டினால் பூச்சி பொசுங்கிப் பொலபொலவென்று விழும்.

வீட்டுக்காரம்மா வந்து மரத்தோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டார். பூச்சி அவர் தோளில் ஏறியது, கழுத்தில் ஏறியது. தட்டிவிடவில்லை. சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தோம், அதுவும் இல்லை. "இன்னும் கொஞ்ச நாள்ல மண்ணுக்குள்ள எறங்கிரும். அதுவரைக்கும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு என் வீட்டுல வந்து இருடி" என்றார் என்னைப் பார்த்து. டெய்லர் கையில் பந்தம் எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் துணி கருகி அணைந்துபோனது. பிள்ளைக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியவரும் அவர்தான், காலையில் எங்கள் சுவரில் இருக்கும் பூச்சியை விளக்குமாற்றால் சட்டியில் கூட்டி அள்ளி, திரும்ப மரத்திலேயே கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். இப்படிப்பட்ட மனுஷியிடம் கோபத்தை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அவருக்கு ஒரே மகன், பட்டாளத்தில் இருந்தான். அவன் பட்டாளத்துக்குப் போன பிறகுதான் அம்மாவுக்கு இந்தக் கொல்லைப் பைத்தியம் பிடித்தது, அதனால் அவனுக்கு முழுசாக ஒன்றும் தெரியாது. எண்பதுகளின் கடைசி அது. இலங்கைக்குப் போன பட்டாளத்தில் அவனும் இருந்தான். பக்கத்து ஊர் ஒன்றுக்குப் பெட்டியில் ஒரு பையன் வந்திருந்தான். அதற்குப் பிறகு எங்கள் காம்பவுண்டில் ரேடியோவில் செய்தி ஆரம்பித்தாலே யாராவது ஓடிப்போய் நிறுத்துவோம். தீபாவளி கழித்து அவன் லீவில் வந்தான். லீவு முடிந்தால் திரும்ப அங்கேதான்.

அவன் வந்த நேரம் வீட்டுக்காரம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். தங்கை மகளுக்குப் பேறுகாலம். இவன் நேரே அங்கே போய் அம்மாவைப் பார்த்தான். பச்சை உடம்புக்காரியை விட்டுவிட்டு வர முடியாது, வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறேன், அதுவரை வீட்டில் இரு என்று சாவியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். சும்மா இருக்கிற பிள்ளையா அவன். கொல்லையைப் பார்த்தான். உங்கம்மாவுக்குப் பட்டாம்பூச்சி என்றால் உயிர் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான், அம்மா வருவதற்குள் பூந்தோட்டம் போட்டுக் காட்டப் போகிறேன் என்று சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டான்.

எருக்கு சாய்ந்தது, ஆமணக்கு சாய்ந்தது. முருங்கையைக்கூட விட்டுவைக்கவில்லை. தரையில் கிடந்த கொடியை மண்வெட்டியால் வழித்து எடுத்தான். நான் ஓடிப்போய், தம்பி, அம்மா வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோமே, அந்த இலையில் புழு மேயும், அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாங்க என்று சொன்னேன். அவன் சிரித்தான். "புழுவுக்கு எந்த எலையா இருந்தா என்னக்கா? இனிமே ரோசா எல திங்கட்டும்" என்றான். பட்டாளத்தில் பழக்கியிருக்கிறார்கள் அல்லவா, அரைகுறை வேலை தெரியாது அவனுக்கு. கடப்பாரை போட்டு ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுத்தான். காம்பவுண்டில் எல்லாருக்கும் உள்ளூரச் சந்தோஷம். ஆளாளுக்குத் தண்ணீர் சுமந்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் பார்த்தால் பாத்தி கட்டி ரோஜா, செவ்வந்தி, கலர் கலராகக் காகிதப்பூ, நடுவில் செங்கல் பதித்த நடைபாதை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் நான் வாசலிலிருந்து உள்ளே வந்துவிட்டேன். மகன் ஓடிப்போய்ப் பையை வாங்கி, பின்னாலிருந்து அம்மாவின் கண்ணைப் பொத்தி, மெதுவாக நடத்திக்கொண்டு வந்து கொல்லையில் நிறுத்தினான். கையை எடுத்தான். நாங்கள் எல்லாரும் அவரவர் பின்வாசலில் நின்றோம். அவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு மகனுடைய கையைப் பிடித்து விரித்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"நல்லாருக்குய்யா" என்றார்.

செத்த நேரம் கழித்து எண்ணெய் வாங்குகிற சாக்கில் என் வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் நின்றுகொண்டு மெல்லக் கேட்டார், வேரையும் எடுத்துவிட்டானா என்று. ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். எனக்குத் தாங்கவில்லை, நானே அவனிடம் சொல்கிறேன், இப்படியா ஒரு பிள்ளை செய்யும் என்று கிளம்பினேன். என் மணிக்கட்டைப் பிடித்தார், இன்றைக்கும் அந்தப் பிடி ஞாபகம் இருக்கிறது. "அவன் போற எடம் என்ன எடம்னு உனக்குத் தெரியும்ல. மனசுல ஒரு கொறையோட அவன் அங்க போவக் கூடாது. எவளும் வாயத் தெறக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். அன்றே வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிவிட்டு வந்தார்.

வெட்டிப் போட்ட குப்பை சந்தில் குவிந்து கிடந்தது. மகன் குளிக்கப் போன நேரம் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் போய்க் கிளறினோம். வாடிய கொடியில் கறுத்த புழுக்கள், முதுகில் சிவப்பு முள், நடுவில் வெள்ளைப் பட்டை, இன்னும் உயிரோடு ஒட்டியிருந்தன. அவற்றையும் மிச்ச இலையையும் ஓலைப்பெட்டியில் போட்டு மூடினோம். அவர் வீட்டில் வைத்தால் மகன் பார்த்துவிடுவான். அதனால் பெட்டி என் அடுப்படிக்கு வந்தது. புழு என்றால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவன் வேறு, அக்கா தண்ணி குடுங்க, அக்கா காப்பி குடுங்க என்று எந்நேரமும் என் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தான்.

இலை தீரத் தீர அவருக்கு முகம் சுண்டிப்போனது. வெற்றிலையைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தார், ரோஜா இலையைப் போட்டுப் பார்த்தார். புழுக்கள் அதன்மேல் ஏறி, நடந்து, இறங்கின. ஒரு கடி கடிக்கவில்லை. மம்சாபுரத்தில் கோயிலுக்கு வேண்டுதல் என்று மகனிடம் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். முதலில் சோழபுரம் பக்கம் பருத்திக் காடுகளுக்குப் போனோம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊரில் கரிசலில் கால் வைக்கிற இடமெல்லாம் இந்தக் கொடி கிடக்கும். இப்போது டிராக்டர் உழுத காடு சுத்தமாக, களை என்ற பேச்சே இல்லாமல் கிடந்தது. பூச்சிமருந்து வாடை மூக்கைப் பொத்த வைத்தது. கண்மாய்க்கரையில் ஏறினோம், கரை முழுக்கச் சீமைக்கருவேல், அதன் அடியில் புல்கூட முளைக்கவில்லை. மம்சாபுரம் பக்கம் தோப்புகளைக் கூட்டிப் பெருக்கிய மாதிரி வைத்திருந்தார்கள். மிச்சம் கிடந்த தரிசிலெல்லாம் பிளாட் போடக் கல் ஊன்றியிருந்தது. அவர் குனிந்த தலை நிமிராமல் நடந்தார், நான் செருப்பறுந்து பின்னால் போனேன். வெறுங்கையோடுதான் திரும்பினோம். கோயிலுக்குப் போனீர்களே, திருநீறு எங்கே என்று மகன் கேட்டான். அவர் சளைக்காமல், வழியிலேயே பூசிக்கொண்டோம் என்றார்.

மறுநாள் காலையில் பாளைக்காரி ஒன்று கொல்லைக்கு வந்தது. மகன் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அது ரோஜா இலையில் இறங்கிக் காலால் தொட்டுவிட்டு எழுந்தது. செவ்வந்தியில் இறங்கி எழுந்தது. செங்கல்லில், துணிக்கொடியில், சுவரில் என்று ஒரு இடம் பாக்கி இல்லை. கொடி கிடந்த இடத்துக்கு மேலே திரும்பத் திரும்பச் சுற்றியது. முட்டை வைக்க வந்தால் இலையைக் காலால் தொட்டுப் பார்த்துத்தான் வைக்கும் என்று அவர் எனக்கு எத்தனையோ தடவை காட்டியிருக்கிறார். மகனுக்கு வாயெல்லாம் பல். "பாரும்மா, போக மனசில்லாம சுத்துது. ரோசாவ அம்புட்டுப் புடிச்சிருச்சு" என்றான்.

"ஆமாய்யா" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் உள்ளே போய் அடுப்பை ஊதினேன்.

பெட்டியில் புழுக்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. முற்றியது ஒன்றிரண்டு கூடு கட்டியது, மற்றதெல்லாம் செத்துப்போனது.

மகன் கிளம்புகிற நாள் வந்தது. சாயங்காலம் மெட்ராஸ் ரயில். விடிந்ததுமே என் கணவரின் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவனை மதியம் வரை காணோம். வீட்டுக்காரம்மா அவனுக்குப் பிடித்த குழம்பு வைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். பெட்டி படுக்கை கட்டி வைத்தாயிற்று. வெயில் சாய ஆரம்பித்தது. ரயிலைத் தவறவிட்டால் பட்டாளத்தில் என்ன செய்வார்கள் என்று யாரோ கேட்டு வைக்க, அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் வந்தான். சைக்கிள் சக்கரம், அவன் கால், பேண்ட் எல்லாம் கரிசல் சேறு. அம்மாவின் முன்னால் வந்து நின்று சட்டைப்பையிலிருந்து ஒரு காய்ந்த இலையை எடுத்தான். ஆடுதின்னாப்பாளை இலை.

"சுந்தரபாண்டியம் வரைக்கும் போயிட்டேன். எங்கயும் இல்லம்மா" என்றான்.

அவர் என்னைத்தான் முறைத்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். அவனே சொன்னான். முந்தாநாள் என் வீட்டில் தண்ணீர் மொள்ள வந்தபோது பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறான். உள்ளே ரோஜா இலையைத் தொடாமல் செத்துக் கிடந்த புழுவையும், தான் வெட்டிப் போட்ட கொடியையும் கண்டதும் அவனுக்கு விளங்கிவிட்டது. இலை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, காலையிலிருந்து காடு காடாகப் போய் உழுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாரிடமும் காட்டியிருக்கிறான்.

"தெரியும்யா. நாங்களும் தேடிட்டோம்" என்றார்.

"ஒரு வார்த்த ஏசிருக்கலாம்லம்மா."

"ஏசிட்டு உன்ன எப்படிலே அங்க அனுப்ப?"

அவன் படியில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். அவ்வளவு பெரிய ஆண்பிள்ளை தோள் குலுங்க அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்சம் தெளிந்த பிறகு, இப்போதாவது ஏசு, ஏசாமல் அனுப்பினால்தான் தன்னால் போக முடியாது என்றான். அவர் முதலில் அவனுக்குச் சோறு போட்டார், அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கையில் தண்ணீர் ஊற்றினார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள்.

கூறுகெட்ட பயலே என்று தொடங்கியதுதான். கேட்காமல் கை வைத்ததற்கு, வேரைத் தோண்டியதற்கு, முருங்கையை வெட்டியதற்கு, கடப்பாரை பிடிக்கப் பழக்கிய பட்டாளத்துக்கு, சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கண்மாயில் கிடந்ததற்கு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏசினார். என் கணவர் டிரங்குப் பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, பின்னால் அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று தலையாட்டிக்கொண்டே நடந்தான். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. பட்டாளத்துக்குப் போகிற பிள்ளையை இப்படியா வழியனுப்புவது என்று ஒரு பெரியவர் கேட்டேவிட்டார். அவருக்கும் இரண்டு விழுந்தது. பிளாட்பாரத்திலும் நிறுத்தவில்லை. ரயில் வந்து, அவன் ஏறி, வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி நகர்ந்தபோது இவரும் கூடவே நடந்தார், பிறகு ஓடினார்.

"நீ புடுங்குனத நீதாம்லே தேடிக் குடுக்கணும். வந்து தேடிக் குடு. கேக்குதா? வந்து தேடிக் குடு."

அவன் மறுவருஷம் வந்தான். வந்த மறுநாள் காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடப் போனான். தொண்ணூறுகளில் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வீடு மாறும்வரை ஒவ்வொரு லீவிலும் போனான். கிடைத்ததாக எனக்குச் சேதி இல்லை.